1.077 திரவமும் செம்மறிக் குருதியும்: மட்டக்களப்பு வெயிலில் ஒரு மதிப்பீடு

போத்தலில் 1.077 (மில்லிலீற்றருக்கு 1.077 கிராம் அடர்த்தி) என்று எழுதி விற்கும் அடர்த்திப் பிரிப்புத் திரவம் மனிதக் குருதிக்காகச் செய்யப்பட்டது. பிக்கோல்-பாக், ஹிஸ்ரோபாக், லிம்போபிறெப் என்று பெயர்கள் வேறானாலும் வேலை ஒன்றுதான்: மேலே குருதியை விட்டு மையநீக்கியில் சுற்றினால், வெண்குழியங்களை (வெள்ளை அணுக்களை) செங்குழியங்களிலிருந்து (சிவப்பு அணுக்களிலிருந்து) பிரிப்பது. செம்மறிக் குருதிக்கும் இது எடுபடும். ஆனால் போத்தலோடு வரும் தாளில் உள்ளதை அப்படியே செய்தால், குழியத்தோடு சிவப்புச் சேறும் சேர்ந்து வரும். நமது பக்கத்து அறை வெப்பத்தில் செய்தால் குழியமே வராமலும் போகலாம்.

இந்த மதிப்பீடு ஒரே ஒரு வேலையை வைத்துத்தான்: செம்மறியின் வெண்குழியங்களில் உள்ள பிரியோன் புரதத்தை அளப்பதற்காக அந்தக் குழியங்களைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தல். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ உள்ள பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு ஆய்வுக்கு ஒரு போத்தல் வாங்கலாமா என்று யோசிப்பவருக்கும், குருதி எடுத்துக் கொடுக்கும் கால்நடை வைத்தியருக்கும் இது பயன்படும். ஊதாமூடி ரியூப்பையும், உள்ளே தடுப்பு வைத்த புதுமாதிரி ரியூப்பையும் சேர்த்தே பார்த்திருக்கிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். பிரியோன் புரதம் என்றவுடன் நோய் என்று எண்ணத் தேவையில்லை. சாதாரண பிரியோன் புரதம் சுகமான ஆட்டின் குழியச் சவ்விலும் இருக்கும். ஒரு கொழுப்பு நங்கூரத்தால் வெளிப்பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும். அதே புரதம் தவறாக மடிந்து, மற்றவற்றையும் தன்னைப்போல் மடிய வைக்கும்போதுதான் ஸ்கிறேப்பி என்ற நோய். ஐரோப்பியச் செம்மறிகளில் அது 18ஆம் நூற்றாண்டிலிருந்தே அறியப்பட்டது. தொற்றக்கூடிய புரதத்துக்குப் பிரியோன் என்ற பெயரை ஸ்ரான்லி புருசினர் 1982இல் வைத்தார். 1997இல் நோபல் பரிசு கிடைத்தது. 2000இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் மாட்டுப்பித்த நோய் ஏற்றப்பட்ட செம்மறியிலிருந்து, அதற்கு நோய்க்குறி தெரிவதற்கு முன்பே, குருதி எடுத்து இன்னொரு செம்மறிக்கு ஏற்றி நோய் கடந்துபோவதைக் காட்டினார்கள். ஆட்டுக் குருதியில் எந்தக் குழியம் இந்தப் புரதத்தைச் சுமக்கிறது என்ற கேள்வி சூடுபிடித்தது அதற்குப் பிறகுதான்.

விடை மனிதரில் ஒன்று, செம்மறியில் இன்னொன்று. மனிதரில் குருதிச் சிறுதட்டுகளில் இந்தப் புரதம் நிறைய உண்டு. செம்மறியின் சிறுதட்டு மேற்பரப்பில் அது கண்டுபிடிக்கும் அளவுக்கு இல்லை. 2001இல் வெளிவந்த ஆய்வு சுகமான ஆட்டிலும் ஸ்கிறேப்பி பிடித்த ஆட்டிலும் இதையே சொன்னது. செங்குழியத்திலும் இல்லை, சிறுமணி வெண்குழியத்திலும் இல்லை. இருப்பது ஒற்றைக்கருக் குழியங்களில், அதாவது நிணநீர்க்குழியங்களிலும் மொனோசைற்றுகளிலும். அந்தப் படலத்தைப் பிரித்துத் தருவதுதான் 1.077இன் வேலை என்பதால், இந்த ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான மலிவான கருவி இல்லை. குறை திரவத்தில் இல்லை, கைமுறையில் இருக்கிறது.

திரவத்துக்குள் என்ன இருக்கிறது

பொலிசுக்குறோசு என்ற பெரிய சர்க்கரை மூலக்கூறும் சோடியம் டயற்றிறிசோவேற்று என்ற அயடீன் உப்பும். ஒன்று செங்குழியங்களை ஒட்டவைத்துக் கனமாக்கும், மற்றது அடர்த்தியைச் சரிக்கட்டும். ஆர்னெ போயும் என்ற நோர்வேக்காரர் 1968இல் வெளியிட்ட முறை இது. இன்றைய போத்தல்கள் எல்லாம் அதன் பிள்ளைகள்.

மனிதக் குருதியில் செங்குழியங்கள் ரூபாக் குற்றிகளை அடுக்கியதுபோல ஒன்றின்மேல் ஒன்று ஒட்டும். ஒட்டினால் கனம், கனமானால் அடியில் இறங்கும். செம்மறியின் செங்குழியம் அப்படி ஒட்டுவதில்லை. விட்டமும் சின்னது: மனிதருடையது 7 முதல் 8 மைக்கிரோமீற்றர் என்றால் செம்மறியுடையது ஏறத்தாழ 4.5. செம்மறிக் குருதியை ஒரு ரியூப்பில் நிறுத்தி ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தாலும் கோடு இறங்கியதாகவே தெரியாது. மனிதக் குருதிக்கு எழுதிய முறையைப் பின்பற்றினால் வெண்படலத்துக்குள் சிவப்பு தங்கிப்போவதற்கு இதுதான் காரணம். டெக்ஸ்ரான் என்ற சர்க்கரைப் பொருளை ஊற்றிச் செங்குழியத்தைப் படியவைக்கும் பழைய உத்தியும் இதே காரணத்தால் ஆட்டில் பிசகும்.

சிவப்புத் தங்கினால் என்ன குடிமுழுகப்போகிறது என்று கேட்கலாம். கணக்குப் பாருங்கள். செம்மறிக் குருதியின் ஒரு மைக்கிரோலீற்றரில் செங்குழியம் ஏறத்தாழ 1 கோடி. ஒற்றைக்கருக் குழியம் 4,000 என்று வைப்போம். ஒரு வெள்ளைக்கு 2,500 சிவப்பு. பிரித்த பிறகு செங்குழியத்தில் 1000இல் ஒன்று மட்டும் எஞ்சினாலும், ஒவ்வொரு வெள்ளைக்கும் இரண்டரைச் சிவப்பு கூடவே நிற்கும். அந்தக் குழியங்களை உடைத்து மொத்தப் புரதத்தை அளந்து, வெஸ்ரேர்ண் புளொட்டில் (புரதங்களைப் பருமன்படி பிரித்துப் பார்க்கும் முறை) ஒவ்வொரு ஓடைக்கும் 20 மைக்கிரோகிராம் என்று ஏற்றினால், அதில் கணிசமானது ஹீமோகுளோபின். ஆட்டின் செங்குழியத்தில் பிரியோன் புரதம் இல்லாததால், சிவப்புக் கலந்த மாதிரியில் அது குறைவாக இருப்பதுபோல் தெரியும். இரண்டு ஆடுகளுக்கிடையே வித்தியாசம் கண்டோம் என்று எழுதிவிட்டு, உண்மையில் இரண்டு ரியூப்களின் சுத்தத்தை அளந்திருப்பது இந்தத் துறையில் மிக இலகுவாக நடக்கும் பிழை.

வெயில்

திரவத்தின் 1.077 என்ற எண் 20 பாகை செல்சியசில் உள்ள எண். கச்சான் காற்று வீசும் வைகாசி, ஆனி, ஆடியில் மின்விசிறி மட்டும் உள்ள ஆய்வுகூட அறை 33 பாகைக்குப் போவது புதுமையில்லை. தண்ணீரின் அடர்த்தி 20 பாகையில் 0.9982, 33 பாகையில் 0.9947. திரவமும் ஏறத்தாழ அதே அளவு இலேசாகும் என்று கொண்டால், 1.077 என்பது 1.073 பக்கம் போய்விடும். அப்போது கொஞ்சம் கனமான நிணநீர்க்குழியங்கள் படலத்தில் நிற்காமல் செங்குழியத்தோடு அடிக்குப் போகும். விளைச்சல் பாதியானால் ஆட்டைக் குறை சொல்லாதீர்கள், சுவரில் தொங்கும் வெப்பமானியைப் பாருங்கள்.

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் எதிர்ப்பக்கப் பிழை. 4 பாகையில் திரவம் கனமாகவும் தடிப்பாகவும் இருக்கும். செங்குழியமும் சிறுமணிக் குழியமும் முழுதாக இறங்காமல் படலத்தில் மாட்டிக்கொள்ளும். போத்தலைக் குறைந்தது ஒரு மணித்தியாலம் வெளியே வைத்து, கையில் பிடித்தால் குளிரே உறைக்காத நிலைக்கு வரவிட்டு, தலைகீழாகச் சில தடவை மெதுவாகப் புரட்டிக் கலந்து பிறகு எடுங்கள். அடியில் கனமானதும் மேலே இலேசானதுமாகப் பிரிந்து நின்ற திரவத்தை அப்படியே உறிஞ்சுவதும் ஒரு வழமையான தவறு.

வெப்பம் கட்டுப்படுத்தும் மையநீக்கி இருந்தால் 20இல் வையுங்கள். இல்லாவிட்டால் ஏ.சி. உள்ள அறையில், மையநீக்கியின் மூடியை ஒரு மணித்தியாலம் முன்பே திறந்துவைத்து, காலை 10 மணிக்கு முன் வேலையை முடிக்கலாம். சாதாரண மையநீக்கி 30 நிமிடம் ஓடினால் அதன் கிண்ணமே சூடாகும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு ஓட்டம் முடிந்த கையோடு அடுத்ததைப் போட்டால் இரண்டாவது தொகுதி முதலாவதைப்போல் வராது.

ஊதாமூடி ரியூப்

குருதி உறையாமல் தடுக்கும் ஈ.டி.ரி.ஏ. இட்ட வெற்றிட ரியூப்தான் எங்கள் தெரிவு. பச்சைமூடி ஹெப்பாரின் ரியூப்பிலும் குழியம் நன்றாக வரும். ஆனால் எஞ்சும் குருதியிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் பரம்பரையலகைப் பார்க்க நினைத்தால் டி.என்.ஏ.யைப் பெருக்கும் பி.சி.ஆரை ஹெப்பாரின் கெடுக்கும்.

ரியூப்பைக் கோடுவரை நிரப்புங்கள். குறைவாக நிரப்பினால் ஈ.டி.ரி.ஏ. விகிதம் கூடிக் குழியம் சுருங்கும். சுருங்கிய குழியம் கனமாகி அடிக்குப் போகும். நிரப்பியவுடன் 8 முதல் 10 தடவை மெதுவாகத் தலைகீழாக்க வேண்டும், குலுக்கக் கூடாது. வெற்றிட ரியூப் பழசாகப் பழசாக வெற்றிடம் இழக்கும். சூடான ஸ்ரோரில் கிடந்தது இன்னும் கெதியாக இழக்கும். திகதி கடந்த ரியூப் 10 மில்லிலீற்றருக்குப் பதில் 7இல் நின்றால் காரணம் நாளம் அல்ல.

கழுத்துப் பெருநாளத்தில் 18 அல்லது 20 அளவு ஊசி போதும். வளர்ந்த ஆட்டுக்கு வெற்றிட ரியூப் நேரடியாகச் சரிவரும். குட்டியின் நாளம் வெற்றிட இழுப்பில் ஒட்டிப்போகும். அதற்கு சிரிஞ்சில் மெதுவாக இழுத்து, ஊசியைக் கழற்றி, ரியூப்பின் மூடியைத் திறந்து சுவர் வழியாக வழியவிடுங்கள். ஊசியோடு சேர்த்துத் தள்ளினால் செங்குழியம் உடைந்து பிளாஸ்மா சிவக்கும். 25 கிலோ ஆட்டின் குருதி மொத்தம் ஏறத்தாழ ஒன்றரை லீற்றர். 10 மில்லிலீற்றர் அதற்கு ஒரு பொருட்டல்ல.

வாகரையிலோ வெல்லாவெளியிலோ காலையில் எடுத்த குருதி ஆய்வுகூடம் சேரும்வரை 18 முதல் 25 பாகையில் இருக்க வேண்டும். ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் பொதி, அதன்மேல் மடித்த பத்திரிகைத் தாளோ துவாயோ, அதன்மேல் ரியூப். ஐஸில் நேரே படவிட்டால் குழியம் உடையும். பெட்டியே இல்லாமல் மோட்டார் சைக்கிள் பைக்குள் போட்டால் நடுப்பகலில் அவிந்துவிடும். எடுத்ததிலிருந்து 6 மணித்தியாலத்துக்குள் பிரிக்கத் தொடங்குவது நல்லது. அடுத்த நாள்வரை வைத்த குருதியில் சிறுமணிக் குழியங்கள் வீங்கி இலேசாகி, நமக்குத் தேவையான படலத்துக்குள் ஏறிவிடும்.

எப்படிச் செய்தால் சுத்தமாக வரும்

தாளில் உள்ள முறை: குருதியைச் சம அளவு உப்புக் கரைசலோடு கலந்து, திரவத்தின்மேல் ஊற்றி, 400 ஜீ.யில் (புவியீர்ப்பைப்போல் 400 மடங்கு விசையில்) 30 நிமிடம் சுற்றுதல். ஆட்டுக்கு நாங்கள் பரிந்துரைப்பது முதலில் திரவமில்லாமல் சுற்றி, பிளாஸ்மாவுக்கும் சிவப்புக்கும் இடையில் நிற்கும் வெண்படலத்தை எடுத்து, பிறகு அதை மட்டும் திரவத்தின்மேல் வைப்பது. ஒரு சுற்று கூடுதல்தான். ஆனால் செங்குழியத்தில் பெரும்பகுதி முதலிலேயே கழிந்துவிடும், திரவமும் மிச்சமாகும்.

10 மில்லிலீற்றர் ஊதாமூடி ரியூப்பை 20 பாகையில் 1000 ஜீ.யில் 20 நிமிடம் சுற்றுங்கள், பிரேக் இல்லாமல். மேலே மஞ்சள் பிளாஸ்மா, அடியில் சிவப்பு, இடையில் மெல்லிய வெள்ளை வளையம். ஆட்டில் அந்த வளையம் மனிதருடையதைப்போலத் தெளிவாக இருக்காது, சிவப்போடு சற்றுக் கலங்கி நிற்கும். பிளாஸ்மாவின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, வளையத்தையும் அதன் கீழுள்ள சிவப்பில் ஒரு மில்லிலீற்றர் அளவையும் சேர்த்து 2 மில்லிலீற்றராக எடுங்கள். வெள்ளையை மட்டும் கிள்ளி எடுக்கப் பார்ப்பவர்கள் நிணநீர்க்குழியத்தில் நல்ல பங்கைச் சிவப்பில் விட்டுவிடுவார்கள்.

அந்த 2ஐ பி.பி.எஸ். உப்புக் கரைசலால் 8 மில்லிலீற்றராக்குங்கள். கரைசலை 10 மடங்குச் செறிவிலிருந்து ஐதாக்கும்போது அளவு பிசகக் கூடாது. செம்மறியின் செங்குழியம் மனிதருடையதைவிட ஐதான உப்புநீரில் இலகுவாக உடையும். மனிதக் குருதியில் தெரியாமல் போகும் சிறு பிழை ஆட்டுக் குருதியில் சிவப்பாகக் காட்டிக்கொடுக்கும்.

15 மில்லிலீற்றர் கூம்படி ரியூப்பில் 4 மில்லிலீற்றர் 1.077 திரவம். ரியூப்பை 45 பாகை சரித்துப் பிடித்து, பிப்பெற்று நுனியைத் திரவ மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் வைத்து, ஐதாக்கிய 8 மில்லிலீற்றரையும் சுவர்வழியே வழியவிடுங்கள். இரண்டும் கத்தியால் கீறியதுபோல் பிரிந்து நிற்க வேண்டும். கலங்கிவிட்டால் அந்த ரியூப்பை விட்டுவிடுங்கள்; மீட்க வழியில்லை.

800 ஜீ., 30 நிமிடம், 20 பாகை. சுற்றும்போது ரியூப் கிடையாக எழும் ஆடும் வாளி வகைச் சுழலி கட்டாயம். சாய்கோணச் சுழலியில் படலம் சுவரில் பூசிக்கொள்ளும். வேகம் ஏறுவது மெதுவாக, பிரேக் முழுதாக நிறுத்தி. பழைய மையநீக்கியில் நிமிடச் சுற்று மட்டும்தான் தெரியும் என்றால், சுழலியின் நடுவிலிருந்து ரியூப் அடிவரை சென்ரிமீற்றரில் அளந்து, அந்த நீளத்தை 0.00001118ஆல் பெருக்கி, ஜீ.யை அதனால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். ஆரை 16 சென்ரிமீற்றர் என்றால் 800 ஜீ.க்கு ஏறத்தாழ 2,115 சுற்று, 1000 ஜீ.க்கு 2,365. 10 சென்ரிமீற்றர் ஆரையுள்ள சிறிய கருவியில் அதே 2,115 சுற்று 500 ஜீ. மட்டும்தான் தரும். அடுத்த ஆய்வுகூடத்தின் சுற்று எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டு வருவதால் பயனில்லை.

இடையில் கரன்ட் போனால் பதறத் தேவையில்லை. பிரேக் இல்லாமல் தானாக ஓய்ந்து நிற்பதால் படலம் கலங்காது. முதல் 10 நிமிடத்துக்குள் நின்றிருந்தால், கரன்ட் வந்தபின் மூடியைத் திறக்காமல் முழு 30 நிமிடமும் திரும்ப ஓட்டுங்கள். 20 நிமிடம் தாண்டியிருந்தால் திறந்து பாருங்கள்; திரவத்தின் மேல் வெள்ளை வளையம் உருவாகி, திரவம் தெளிந்திருந்தால் எடுத்துவிடலாம். மின்பிறப்பாக்கி வந்து போகும் இடத்தில், அது நிலையாக ஓடத் தொடங்கியபின் மட்டும் சுற்றத் தொடங்குங்கள்.

வளையத்தை எடுக்கும்போது பேராசை கூடாது. வளையத்தோடு திரவத்தையும் நிறைய உறிஞ்சினால் சிறுமணிக் குழியம் வரும். மேலுள்ள பிளாஸ்மாவை உறிஞ்சினால் சிறுதட்டு வரும். எடுத்ததை மூன்று மடங்குக்குக் குறையாத உப்புக் கரைசலில் கலந்து 300 ஜீ.யில் 10 நிமிடம். திரவம் போதிய அளவு ஐதாகாவிட்டால் குழியம் அடியில் படியாமல் மிதந்துகொண்டே இருக்கும். முதல் கழுவலில் குழியம் காணாமல் போய்விட்டது என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் இதுதான் விடை. இரண்டாவது கழுவல் 200 ஜீ.யில் 10 நிமிடம், சிறுதட்டுகள் மேலேயே தங்கிப்போவதற்கு. செம்மறிச் சிறுதட்டில் பிரியோன் புரதம் இல்லையே, ஏன் கழுவ வேண்டும் என்றால், அவை நிணநீர்க்குழியத்தோடு ஒட்டி எண்ணிக்கையைக் குழப்பும்.

வண்டல் இளஞ்சிவப்பாக இருந்தால் அமோனியம் குளோரைட்டுக் கரைசல்: லீற்றருக்கு அமோனியம் குளோரைட்டு 8.3 கிராம், பொற்றாசியம் இருகாபனேற்று 1 கிராம், ஈ.டி.ரி.ஏ. 0.037 கிராம். 2 மில்லிலீற்றர் விட்டு 5 நிமிடம், பிறகு நிறைய உப்புக் கரைசல் விட்டு நிறுத்திக் கழுவுங்கள். 10 நிமிடம் தாண்ட விடாதீர்கள், நமக்கு வேண்டிய குழியமும் சேதமாகும். வெண்படல முறையில் இந்தப் படி பெரும்பாலும் தேவைப்படாது என்பதே அந்த முறையின் பெரிய இலாபம்.

10 மில்லிலீற்றர் குருதியில் 4 கோடி ஒற்றைக்கருக் குழியம் இருந்தால், பாதி கைக்கு வந்தால் சந்தோஷப்படலாம். செத்த குழியத்தை மட்டும் நீலமாக்கும் டிரைப்பான் நீலத்தில் பார்த்தால் 100க்கு 95 உயிரோடு இருக்க வேண்டும். 85க்குக் கீழே போனால் அந்த மாதிரியில் புரதம் அளக்க வேண்டாம். செத்த குழியம் எந்தப் பிறபொருளெதிரியையும் பிடித்து ஒளிரும்.

மாரியில் இன்னொரு சிக்கல் வரும். வயிற்றுப் புழு கூடிக் குருதி குறைந்த ஆட்டில், முதிராத செங்குழியங்கள் குருதிக்குள் வெளிவரும். அவை முதிர்ந்ததைவிட இலேசு, ஆகவே 1.077இன் மேலேயே நின்றுவிடும். கீழிமையை இழுத்துப் பாருங்கள். வெளிறி இருந்தால் அந்த ஆட்டை ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள், மருந்து கொடுத்துத் தேறியபின் வாருங்கள். எந்தத் திரவம் வாங்கினாலும் இது தீராது.

தடுப்பு ரியூப்

உள்ளே ஓட்டையுள்ள பிளாஸ்ரிக் தடுப்பு வைத்த ரியூப்கள் இப்போது கிடைக்கின்றன. தடுப்பின் கீழே திரவம், மேலே குருதியைத் தாராளமாக ஊற்றலாம், கலங்காது. 1200 ஜீ.யில் 10 நிமிடம், பிரேக்கோடு. பிறகு மேலுள்ளதை அப்படியே கவிழ்த்து ஊற்றினால் குழியம் வரும். மனிதக் குருதிக்கு அருமையான சாமான்; கை நடுங்கும் புது மாணவருக்கும் வரம்.

ஆட்டில் அதன் கெட்டித்தனம் குறைகிறது. 10 நிமிடத்தில் ஒட்டாத சின்னச் செங்குழியம் முழுதும் தடுப்பைக் கடந்து இறங்காது. கவிழ்க்கும்போது சிவப்பும் சேர்ந்தே ஊற்றும். வளையத்தைப் பார்த்து எடுக்கும் வாய்ப்பும் இல்லை. வெண்படலத்தை முதலில் எடுத்து அதை இதற்குள் விட்டால் சரிவரும். ஆனால் அப்படிச் செய்யும் கை சாதாரண ரியூப்பிலேயே செய்துவிடும். ஒரு நாளில் 20 ஆடு வரும் திட்டமென்றால் வாங்குங்கள். ஐந்தாறு ஆடென்றால் அந்தக் காசை நல்ல பிறபொருளெதிரிக்குப் போடுங்கள்.

பிரித்தபின் புரதத்தை அளத்தல்

திரவத்தின் மதிப்பு கடைசியில் இங்கேதான் தெரியும். ஃப்ளோ சைற்றோமீற்றர் (ஒளிரும் சாயமிட்ட குழியங்களை ஒவ்வொன்றாக அளக்கும் கருவி) என்றால் ரியூப்புக்கு 10 இலட்சம் குழியம், 100 மைக்கிரோலீற்றரில், ஐஸில் 30 நிமிடம். புரதத்தின் நடுப்பகுதியைப் பிடிக்கும் 6எச்4, முன்பகுதியின் மீளும் தொடரைப் பிடிக்கும் எஸ்.ஏ.எஃப்.32 ஆகிய பிறபொருளெதிரிகள் இரண்டும் செம்மறியில் வேலை செய்யும். இரண்டையும் போடுவது நல்லது. ஒன்று பிடித்து மற்றது பிடிக்காவிட்டால், புரதம் கூடியதா அல்லது அதன் முகம் மறைந்ததா என்ற கேள்வி எழும்.

முதலாவதைப் பிடித்து ஒளிரும் இரண்டாம் பிறபொருளெதிரியில்தான் ஆட்டுக்காரருக்குப் பொறி இருக்கிறது. எலிப் பிறபொருளெதிரியைப் பிடிக்க வேறு விலங்கில் செய்த பொருளாக இருந்தால், அது செம்மறியின் பீ நிணநீர்க்குழிய மேற்பரப்பிலுள்ள இம்யூனோகுளோபுலினையும் தொடக்கூடும். செம்மறிப் புரதத்தோடு தொடர்பறுத்துச் சுத்திகரித்தது என்று லேபிளில் இருப்பதை மட்டும் வாங்குங்கள். முதலாம் பிறபொருளெதிரி இல்லாமல் ஒரு ரியூப், ஒத்த வகைக் கட்டுப்பாட்டோடு (அதே வகை, ஆனால் இந்தப் புரதத்தைப் பிடிக்காத பிறபொருளெதிரி) ஒரு ரியூப் கட்டாயம். இயலுமானால் பி.ஐ.-பி.எல்.சி. நொதியத்தில் 37 பாகையில் ஒரு மணித்தியாலம் வைத்த ரியூப்பும் சேருங்கள். அது கொழுப்பு நங்கூரத்தை வெட்டும். ஒளிர்வு விழுந்தால் நீங்கள் அளந்தது உண்மையில் நங்கூரமிட்ட புரதம். குழியத்தைத் தட்டிலிருந்து பிரிக்க ரிப்சின் பாவிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே அதைத் தொடக் கூடாது, மேற்பரப்புப் புரதத்தை அது சீவிவிடும்.

கருவி தூரத்தில், பேராதனையிலோ கொழும்பிலோ என்றால், சாயமிட்டபின் 1 வீத பராபோமல்டிகைட்டில் நிலைநிறுத்தி, இருட்டில் 4 பாகையில் வைத்து மறுநாள் கொண்டுபோகலாம். உறையவைத்துக் கொண்டுபோவதை இந்தப் புரதத்துக்கு நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம். வெஸ்ரேர்ண் புளொட் செய்பவர்களுக்கு 25 முதல் 37 கிலோடால்ற்றன் வரை மூன்று பட்டைகள் தெரியும், சர்க்கரை ஒட்டிய அளவைப் பொறுத்து. கழுவல் குறைந்து பிளாஸ்மா எஞ்சினால் இம்யூனோகுளோபுலினின் இலேசான சங்கிலியும் 25 பக்கத்தில்தான் வந்து நிற்கும். சர்க்கரை ஒட்டாத பட்டை மட்டும் தடிப்பாக வந்தால் மகிழ்வதற்கு முன் கழுவலைச் சந்தேகியுங்கள்.

ஆடுகளை ஒப்பிடும்போது பரம்பரை வகை தெரியாமல் ஒப்பிடாதீர்கள். செம்மறியின் பிரியோன் புரதம் 256 அமினோவமிலம். 136, 154, 171 ஆகிய இடங்கள் முக்கியம். அங்கே வலீன், ஆர்ஜினீன், குளூற்றமீன் வந்தால் ஸ்கிறேப்பிக்கு மிக இலகுவாகப் பலியாகும் வகை. அலனீன், ஆர்ஜினீன், ஆர்ஜினீன் வந்தால் தாங்கும் வகை. பலியாகும் வகையின் ஒற்றைக்கருக் குழியங்களில் மேற்பரப்புப் புரதம் கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. இதற்குப் புதிதாகக் குருதி எடுக்கத் தேவையில்லை. பிரிப்பின்போது அடிக்குப் போன சிவப்பில் சிறுமணிக் குழியங்கள் இருக்கின்றன, அவற்றில் டி.என்.ஏ. இருக்கிறது. அந்த வண்டலை வீசாமல் பெயரிட்டு உறையவையுங்கள்.

நம் பக்கம் செம்மறியைவிட வெள்ளாடுதான் அதிகம் என்பதால் ஒரு சொல்: வெள்ளாட்டின் செங்குழியம் இன்னும் சின்னது, சிவப்புக் கலப்பு இன்னும் மோசம், வெண்படலப் படியைத் தவிர்க்கவே முடியாது. பரம்பரை இடங்களும் வேறு. வெள்ளாட்டில் 146, 222 போன்ற இடங்களைப் பார்க்க வேண்டும். செம்மறி அட்டவணையை வெள்ளாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள்.

இது செய்யாத வேலை

இந்தத் திரவத்தை வாங்கி ஸ்கிறேப்பி இருக்கிறதா என்று பார்க்க முடியாது. சாதாரண புரதத்தைப் பிடிக்கும் பிறபொருளெதிரி, தவறாக மடிந்ததையும் சாதாரணமானதையும் பிரித்துச் சொல்லாது. நோயை உறுதிசெய்வது மூளைத்தண்டின் ஒபெக்ஸ் பகுதியில். கடையில் வரும் விரைவுச் சோதனைகளும் மூளைக்கும் நிணநீர்க் கணுவுக்கும் செய்யப்பட்டவை. குருதியில் தவறான மடிப்பைக் கண்டுபிடிக்கும் பெருக்கல் முறைகள் ஆய்வுகூடத்துக்குள் இருக்கின்றன. பட்டிக்குப் பக்கத்தில் வைத்துச் செய்யும் நிலையில் இல்லை. யாராவது ஆட்டுக்காரரிடம் குருதி எடுத்து, பிரியோன் பார்த்துச் சொல்கிறோம் என்று காசு கேட்டால், எந்தப் பிரியோன் என்று திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள்.

கழிவு விடயத்திலும் இதே பிரிவு. உள்ளூர்ச் சுகமான ஆட்டின் குருதிக்குச் சாதாரண குருதிக் கழிவு ஒழுங்கு போதும். உண்மையான சந்தேக மாதிரி என்றால் கதை வேறு: போமலினும் மதுசாரமும் பிரியோனை அழிக்காது, 121 பாகை வரை போகும் சின்ன ஓட்டோகிளேவை மட்டும் நம்பவும் முடியாது. 134 பாகையில் 18 நிமிடம், அல்லது 20,000 பி.பி.எம். குளோரினில் ஒரு மணித்தியாலம். 5 வீத பிளீச் என்றால் 2 பங்குக்கு 3 பங்கு தண்ணீர். வெயிலில் கிடந்த பிளீச் வலுவிழந்திருக்கும், புதிதாக வாங்குங்கள், அமிலத்தோடு சேர்க்காதீர்கள், துருப்பிடிக்காத உருக்கையும் அது அரிக்கும்.

வாங்குவதென்றால்

100 மில்லிலீற்றர் போத்தல். தாளில் உள்ளபடி 10 மில்லிலீற்றர் குருதியை 20 ஆக்கி 10 மில்லிலீற்றர் திரவத்தின்மேல் விட்டால் 10 ஆட்டோடு போத்தல் முடியும். வெண்படல முறையில் ஆட்டுக்கு 4 மில்லிலீற்றர், 25 ஆடு போகும். 500 மில்லிலீற்றர் மலிவாகத் தெரியலாம், ஆனால் திறந்த போத்தலில் கிருமி வளர்ந்தால் மிச்சம் எல்லாம் கழிவு. றப்பர் மூடியுள்ள போத்தலென்றால் மூடியைக் கழற்றாமல் கிருமிநீக்கிய ஊசியால் உறிஞ்சுங்கள். சில வகை 2 முதல் 8 பாகையில் வைக்க வேண்டியது, சில வகை அறை வெப்பத்தில் வைக்கலாம். கரன்ட் நம்ப முடியாத இடத்தில் இரண்டாவது வகையைத் தேடுவது புத்தி. எதுவானாலும் வெளிச்சம் படக் கூடாது. மஞ்சளாகிய திரவத்தைத் திகதி மிச்சம் இருந்தாலும் பாவிக்க வேண்டாம். கொழும்பிலிருந்து வரும் பொதியை வாங்கும்போதே போத்தலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நிறமற்றுத் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கலோ மிதக்கும் துகளோ தெரிந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள்.

குளிரூட்டிய அறையும் ஆடும் வாளிச் சுழலியும் இருந்தால் 5க்கு 4. இரண்டும் இல்லாவிட்டால் 2. அந்த 2உம் கச்சான் ஓய்ந்த மாதங்களுக்கு மட்டும்.